இலவச உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு சத்திர சிகிச்சை முகாம்கள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டு வைத்தியக் குழுக்கள் பிளவுபட்ட உதட்டுக்கும் அண்ணத்துக்கும் இலவசமாகச் சத்திர சிகிச்சை செய்யும் முகாம்களுக்குக் கொழும்பிலிருந்து போய் மொழிபெயர்ப்பு உதவி செய்துவருகிறேன். கொழும்பு ஆஸ்பத்திரிகளுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களோடு கூடப் போவதும் உண்டு. ஹட்டனிலிருந்து வந்தாலும் செங்கலடியிலிருந்து வந்தாலும் முல்லைத்தீவிலிருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. உங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த டொக்டர் இதற்கு மாறாக ஏதும் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

இது என்ன வருத்தம்? உதடு மட்டும்தானா, உள்ளுக்கும் இருக்குமா?

கரு வளரும்போது முகத்தின் இரு பக்கமும் வந்து நடுவில் சேர வேண்டும். அது முழுசாகச் சேராமல் நின்றுபோனதுதான் பிளவு. மேலுதட்டில் ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், இரு பக்கமும் இருக்கலாம், முரசு (பல் ஈறு) வரைக்கும் போகலாம். உதடு நன்றாக இருந்து, வாயின் மேற்பக்கமான அண்ணம் மட்டும் பிளந்திருப்பதும் உண்டு. வெளியே தெரியாததால் இதைப் பலர் பிந்தித்தான் கண்டுபிடிக்கிறார்கள். பால் மூக்கால் வருகிறது என்றால், டோர்ச் அடித்து உள்நாக்கு வரைக்கும் பார்க்கும்படி கிளினிக்கில் கேளுங்கள்.

உலகளவில் ஏறத்தாழ 700 பிள்ளைகளில் ஒருவருக்கு இது வருகிறது. உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த ஒன்று இல்லை.

கிரகணத்தப்போ நான் வெளிய போனதாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு மாமியார் சொல்றாங்க. நெசமா?

இல்லை. மேலுதடு கருவின் 4 முதல் 7 வாரத்துக்குள் உருவாகிவிடுகிறது, அண்ணம் 6 முதல் 9 வாரத்துக்குள். பல தாய்மாருக்குக் கர்ப்பம் உறுதியாகும்போதே அந்தக் கட்டத்தில் பாதி கடந்திருக்கும். ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணமோ, ஏழாம் மாதத்தில் வெட்டிய பாக்கோ, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உதட்டைப் பிரிக்க வழியே இல்லை.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. தாய் புகைப்பது, கட்டுப்படாத நீரிழிவு, வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. (வலிப்பு மருந்து எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது, டொக்டரிடம் கேளுங்கள்.) பெரும்பாலான பிள்ளைகளில் இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்டவே முடியாது.

இந்தக் கேள்வியைத் தாய் தணிந்த குரலில்தான் கேட்பார், அதுவும் மாமியார் போத்தலில் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து. அப்படிக் கேட்டால், மாமியார் வரும்வரை இருந்து, அவரையும் உள்ளே கூப்பிட்டு, டொக்டர் வாயாலேயே பதிலைச் சொல்லவைப்பேன். மாதக்கணக்கில் அந்தப் பழியைச் சுமந்த பெண்ணுக்கு ஆபரேஷனுக்கு முன்னமே கிடைக்கவேண்டிய சிகிச்சை அது.

எத்தனை மாசத்தில ஆபரேஷன் செய்யலாம்?

உதட்டுக்கு வழக்கமாக 3 முதல் 6 மாதம், அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதம். உதட்டுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 10 வாரம், 10 இறாத்தல் எடை, இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10. பத்து இறாத்தல் என்றால் சுமார் நாலரைக் கிலோ. மாதம் சரியாக இருந்தும் பிள்ளைகள் தவறவிடுவது பெரும்பாலும் எடையில்தான்.

புள்ள பால இழுக்கவே மாட்டேங்குது. மூக்கால வருது, எடையும் ஏறல. முகாம் வர்ற வரைக்கும் என்னா செய்றது?

முகாம் தேதியைவிட இதுதான் அவசரம். உதடு மட்டும் பிளந்த பிள்ளைகளில் பலர் மார்பில் குடிப்பார்கள், தாயின் மார்பே இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அண்ணம் பிளந்திருந்தால் வாய்க்குள் உறிஞ்சும் விசை உண்டாகாது. பிள்ளை நெடுநேரம் முயன்று களைத்துத் தூங்கிவிடும், வயிறு நிறைந்திருக்காது. தாய்க்குப் பால் இல்லை என்று அயலில் பேச்சு வரும். பால் இருக்கிறது, பிள்ளைக்கு அதை எடுக்கத்தான் முடியவில்லை.

ஆகவே பாலைக் கையால் பீய்ச்சிச் சுத்தமான கிண்ணத்தில் எடுத்து, சங்கு, பாலாடை அல்லது சின்னக் கரண்டியால் கொடுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் கொடுக்கக் கூடாது. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்தையும் தலையையும் ஒரு கையால் தாங்குங்கள். சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்துக் கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் சரித்து, விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுங்கள். பிளவுக்கு நேரே ஊற்றினால் மூக்கால் வரும். இந்தப் பிள்ளைகள் காற்றையும் சேர்த்து விழுங்குவதால் நடுவில் இரண்டு மூன்று முறை தோளில் போட்டு ஏப்பம் விடவைக்க வேண்டும். ஒரு தடவை கொடுக்க அரை மணிக்கு மேல் இழுத்தால், குடித்த சக்தியைக் குடிப்பதிலேயே பிள்ளை செலவழித்துவிடும். கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

பதுளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, பெருவிரலால் சங்கின் பின்பக்கத்தை மட்டும் தூக்கித் தூக்கி, ஒரு துளிகூட மூக்கால் வராமல் ஒரு சங்குப் பாலை முடித்தார். வாட்டு மிஸ்மார் நின்று பார்த்தார்கள். அன்று மற்றத் தாய்மாருக்குப் பழக்கிக் கொடுத்தவரும் அந்தப் பாட்டிதான். வீட்டில் அப்படிக் கைப்பழக்கம் உள்ள ஒரு மூத்தவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

குடும்பநல மருத்துவ மாதிடம் சொல்லி, முடிந்தால் வாரம் ஒருமுறை நிறுத்துப் பதிவுக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். குடிக்கும்போது பிள்ளை நீலம் பாய்ந்தாலோ, மூச்சு இரைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பஸ் ஏறி வந்து, விடிய வெள்ளன இருந்து வரிசையில நிண்டு, கடைசியில திருப்பி அனுப்பிப் போட்டினம். ஏன்?

மனசு விட்டுப்போகும், பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதால் தெரியும். காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: சளி, காய்ச்சல், எடைக் குறைவு, இரத்தக் குறைவு, இதயத்தில் கேட்கும் சத்தம். சளி பிடித்த பிள்ளைக்கு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் சுருங்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதனால் சில வாரம் தள்ளுவார்கள். இதயத்தில் சத்தம் கேட்டால் எக்கோ (இதய ஸ்கான்) எடுத்துப் பார்த்த பிறகே தொடுவார்கள். பிளவோடு பிறக்கும் சில பிள்ளைகளுக்கு இதயத்திலும் குறை இருக்கும் என்பதால் அந்தப் பரிசோதனை உயிரைக் காப்பாற்றுவது.

இன்னொரு காரணம், இடம் போதாமை. சிறிய நகரத்து ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள், மூன்று நாலு மேசை என்றால் ஒரு அளவுக்கு மேல் முடியாது. இப்படி முகாம் நடத்தும் ஆபரேஷன் ஸ்மைல் அமைப்பு தொடங்கியதே இப்படித்தான். 1982இல் பிலிப்பைன்ஸின் நாகா நகருக்குப் போன அமெரிக்க மகீ தம்பதியர், வந்த பிள்ளைகளில் பெரும்பகுதியினரைத் திருப்பி அனுப்பவேண்டி வந்ததால்தான் திரும்பிப் போக முடிவெடுத்தார்கள்.

திருப்பி அனுப்பினால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகாதீர்கள். என்ன காரணம், எதைச் சரிசெய்ய வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். அந்தத் துண்டு இருந்தால் அடுத்த கிளினிக்கில் முதலிலிருந்து தொடங்கவேண்டி வராது.

உண்மையிலயே இலவசமா? ஒருவர் டோக்கன் எடுத்துத் தாறன் எண்டு காசு கேட்டவர்.

சத்திர சிகிச்சை, மயக்கம், மருந்து, வாட்டில் சாப்பாடு எதற்கும் காசில்லை. டோக்கனுக்குக் காசு கேட்பவர் முகாமைச் சேர்ந்தவராக இருக்க முடியாது. பதிவு மேசையிலும் உங்கள் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) காரியாலயத்திலும் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் கையால் போகும் செலவு உண்டு. பஸ் காசு, கூட வருபவரின் சாப்பாடு, எல்லாவற்றையும்விட வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம். நாள் பேருக்குக் கொழுந்து எடுக்கும் குடும்பத்தில் தாய், தகப்பன் இரண்டு பேரும் ஒரு வாரம் வந்தால் அந்த மாதம் கடன்தான். சில குழுக்கள் போக்குவரத்துக் காசும் தங்க இடமும் கொடுக்கின்றன. பதியும்போதே கேளுங்கள், கேட்காதவர்களுக்குப் பலவேளை கிடைப்பதில்லை. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இவங்க மதம் மாத்தத்தான் வாறாங்கன்னு சொல்றாங்களே?

சில குழுக்களின் பின்னால் மத அமைப்புகள் உண்டு, பலவற்றுக்கு இல்லை. எதுவாக இருந்தாலும், சிகிச்சைக்கு ஈடாகப் பிரார்த்தனையோ கையெழுத்தோ கேட்க எவருக்கும் உரிமை இல்லை. கேட்டால் மறுக்கலாம்.

சின்னப் புள்ளைக்கு மயக்கம் குடுத்தா எழும்புமா? பயமா இருக்கு.

எல்லாப் பெற்றோருக்கும் உள்ள பயம் இது. மயக்கம் கொடுப்பவர் அதற்கென்றே படித்த வைத்தியர். ஆபரேஷன் முடியும்வரை பிள்ளையின் தலைமாட்டை விட்டு அசையமாட்டார். விரலில் மாட்டும் கருவி ஒட்சிசன் அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். மேலே சொன்ன சளி, எடை, இதயப் பரிசோதனைகள் எல்லாம் அந்த ஆபத்தைக் குறைக்கத்தான்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய பாதுகாப்பு வெறும் வயிறு. பொதுவான கணக்கு: சாப்பாடும் மாப்பாலும் 6 மணித்தியாலத்துக்கு முன், தாய்ப்பால் 4 மணித்தியாலத்துக்கு முன், வெறும் தண்ணீர் 2 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும். வாட்டில் வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வயிற்றில் எதுவும் இருந்தால் மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். காலையில் பிள்ளை அழும்போது, பாவம் என்று ஒரு மாரி பிஸ்கட்டைப் பிளேன்டீயில் நனைத்து யாராவது ஊட்டிவிடுவார்கள். அப்படி நடந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஏச மாட்டார்கள், வரிசையில் பின்னுக்குத் தள்ளுவார்கள், அவ்வளவுதான். மறைப்பதுதான் ஆபத்து.

வெளிநாட்டு டொக்டர்மார் பழகிப் பார்க்கத்தான் எங்கட பிள்ளையளில செய்யினமாம். உண்மையோ?

நியாயமான சந்தேகம். இந்தத் துறையின் வரலாறே ஏழை நாடுகளின் பிள்ளைகளோடு கலந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்கச் செய்யப்படும் உதட்டுத் தையல் முறை ஒன்றை, அமெரிக்க சத்திர சிகிச்சை நிபுணர் ரால்ஃப் மில்லார்ட் 1950களில் கொரியாவில் பணியாற்றும்போதுதான் வகுத்தார். பொறுப்பான குழுக்கள் தகுதி பெற்ற நிபுணர்களைத்தான் மேசைக்கு அனுப்புகின்றன. பயிற்சி பெறுபவர் இருந்தால் மூத்தவர் கூடவே நிற்க வேண்டும்.

இலங்கையில் வெளிநாட்டு வைத்தியர் எவரும் இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு இல்லாமல் சிகிச்சை செய்ய முடியாது. 'கத்தி பிடிப்பவர் யார், அவருக்குப் பதிவு இருக்கிறதா, கூட நிற்கும் உள்ளூர் டொக்டர் யார்' என்று கேட்பது உங்கள் உரிமை. சம்மதப் படிவம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால், தமிழில் முழுக்க வாசித்துச் சொல்லும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். அவசரப்படுத்தினாலும் வைக்காதீர்கள்.

முகாமுக்குக் காத்திருக்கவா, கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போகவா?

காத்திருக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள். இலங்கையில் பிளவுக்கான சத்திர சிகிச்சை அரச ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். கொழும்பில் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் பிளாஸ்ரிக் சத்திர சிகிச்சைப் பிரிவும், வாய் முக சத்திர சிகிச்சைப் பிரிவும் இதைச் செய்கின்றன. மருத்துவ மாது அல்லது எம்ஓஎச் மூலம் துண்டு வாங்கி, பிள்ளை பிறந்த முதல் வாரங்களிலேயே ஒரு கிளினிக்கில் பெயரைப் பதிந்துவிடுங்கள். இடையில் முகாம் வந்தால், அந்தக் கிளினிக் டொக்டரிடமே 'போகட்டுமா' என்று கேளுங்கள்.

நேபாள மலைக்கிராமத்திலோ அசாமின் தேயிலைத் தோட்டத்திலோ இருக்கும் தாய்க்கு முகாம் மட்டுமே ஒரே வாசலாக இருந்த காலம் உண்டு. அங்கும் நிலைமை மாறுகிறது. குவாஹாத்தியில் 2011இல் நிரந்தரப் பிளவுச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. 1999இல் தொடங்கிய ஸ்மைல் ட்ரெயின் என்ற அமைப்பு, குழுக்களை அனுப்புவதைவிட அந்தந்த நாட்டு டொக்டர்மாருக்குப் பணமும் பயிற்சியும் கொடுப்பதையே வழியாகக் கொண்டது. எனக்குச் சரியாகப் படுவதும் அந்த வழிதான். இங்கே முகாமுக்கு இன்னும் தேவை இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டால் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின, டொக்டர்மார் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள், காத்திருப்போர் பட்டியல் நீண்டது. அந்தப் பட்டியலைக் குறைக்க முகாம் உதவும். பிள்ளையின் முழுப் பொறுப்பையும் அதன் தலையில் வைக்க முடியாது.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்ட போனா என்னத்தப் பாக்கணும்?

உதடு என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு விடுவார்கள், அண்ணம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. கையை மடக்கித் தையலைத் தொடாமல் இருக்க முழங்கையில் மட்டை கட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு, அதைக் கழற்றினால் பிள்ளையைப் பார்க்காமல் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அண்ணம் தைத்த பிள்ளைக்குக் கஞ்சி, மசித்த சோறு, பருப்புத் தண்ணீர் போதும். முறுக்கு, பிஸ்கட், பாண் கரை வேண்டாம், கரண்டியை உள்ளே விடவும் வேண்டாம். சாப்பிட்டதும் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

வாயால் புது இரத்தம் வந்தாலோ, பிள்ளை எதுவும் இல்லாமல் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலோ (இரத்தத்தை விழுங்கலாம்), மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டாலோ 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதுவும் இலவசம். காய்ச்சல், சீழ், குடிக்க மறுப்பது என்றால் அன்றே கிளினிக். தழும்பு முதல் மாதங்களில் சிவந்து தடிப்பாக இருக்கும், ஒரு வருடம் போகப் போக அடங்கும். சந்தனம், மஞ்சள், எண்ணெய் எதுவும் டொக்டரைக் கேட்காமல் பூச வேண்டாம்.

உதடு தச்சு வடிவா வந்திட்டுது. அண்ணத்துக்குத் திரும்ப வரத்தான் வேணுமா?

வரத்தான் வேண்டும். போட்டோவில் தெரிவது உதடு, பிள்ளை பேசுவது அண்ணத்தால். பிளந்த அண்ணத்தோடு பேசினால் காற்று மூக்கால் போய் ப, ட, க போன்ற ஒலிகள் பிடிபடாது. பிள்ளை தொண்டையிலிருந்து வேறு ஒலிகளை உண்டாக்கப் பழகிவிடும், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. காதுக்கும் இதோடு தொடர்பு உண்டு. அண்ணப்பிளவு உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு நடுக்காதில் நீர் கட்டும். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் குழப்படி என்று அடிக்காதீர்கள், செவிப்புலனைச் சோதியுங்கள்.

தைத்த பிறகும் பேச்சுப் பயிற்சி தேவைப்படும். தமிழ் பேசும் பேச்சுப் பயிற்சியாளர் கிடைப்பது கஷ்டம், தோட்டப்புறங்களில் இன்னும் கஷ்டம். இருப்பவரிடம் மாதத்துக்கு ஒருமுறையாவது போய், வீட்டில் தினமும் செய்யவேண்டியதைக் கேட்டுப் பழகுங்கள். முரசிலும் பிளவு இருந்தால் 8 முதல் 11 வயதுக்குள் எலும்பு வைக்கும் ஆபரேஷன் ஒன்று வரும், வேட்டைப்பல் இறங்க முன் செய்ய வேண்டும்.

என் தம்பிக்கு 19 வயசு. இனிச் செய்து பிரயோசனம் இருக்கா?

உதட்டுக்கு நிச்சயம் உண்டு, பெரியவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்தும் செய்யலாம். அண்ணத்தைத் தைத்தால் சாப்பாடு மூக்கால் வருவது நிற்கும். பேச்சு எவ்வளவு தெளியும் என்பதில் மட்டும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்திருக்க வேண்டும்.

இதைச் சொல்ல ஆதாரம் நம் நாட்டிலிருந்தே கிடைத்தது. 1980களின் நடுப்பகுதியில் லண்டன் வைத்தியர் மைக்கல் மார்ஸ் குழுவினர் காலிப் பக்கத்தில் வேலை செய்தபோது, சிகிச்சையே பெறாமல் வளர்ந்த பெரியவர்கள் பலரைக் கண்டார்கள். அவர்களின் மேல்தாடை நன்றாகவே வளர்ந்திருந்தது. சிறுவயதில் தைத்த பிள்ளைகளில் தாடை குறுகுவதற்குத் தையலின் தழும்பும் காரணம் என்று காட்டிய முக்கியமான ஆதாரங்களில் இதுவும் ஒன்று. ஆனால் பிந்தி அண்ணம் தைத்தவர்களின் பேச்சு பெரிதாகத் திருந்தவில்லை. அதனால்தான் தாடை வளர்ச்சியில் கொஞ்சம் இழந்தாலும் பேச்சுக்காக ஒன்றரை வயதுக்குள் தைக்கச் சொல்கிறார்கள். உங்கள் தம்பி வரட்டும், முதலில் பேச்சுப் பயிற்சியாளரையும் பார்க்கட்டும்.

தச்ச இடத்துல திரும்ப ஓட்ட விழுந்துருச்சு. செஞ்சவங்க நாட்டுக்குப் போயிட்டாங்க. யாரக் கேக்குறது?

அண்ணத்தில் தைத்த இடம் விட்டுப்போய்ச் சிறு ஓட்டை விழுவது நல்ல ஆஸ்பத்திரிகளிலும் நடக்கும். வழக்கமாகப் பல மாதம் ஆறவிட்டுத்தான் திரும்பத் தைப்பார்கள். முகாம் நடந்த ஆஸ்பத்திரியின் உள்ளூர் டொக்டரிடமோ, நீங்கள் ஏற்கெனவே பதிந்த கிளினிக்கிலோ காட்டுங்கள். எங்கேயும் பதியாத குடும்பம்தான் இந்த இடத்தில் தவித்துப் போகிறது.

முகாமுக்கு வருமுன் கேட்கவேண்டிய கேள்வி: 'நீங்கள் போன பிறகு என் பிள்ளையை யார் பார்ப்பார்?' ஒரு பெயரும், ஒரு இடமும், ஒரு தேதியும் பதிலாக வர வேண்டும். வராவிட்டால் எனக்கு அந்த முகாமில் நம்பிக்கை இல்லை. என்ன செய்தார்கள் என்ற ஆபரேஷன் குறிப்பின் பிரதியைக் கையில் வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். அடுத்துத் தொடும் டொக்டருக்கு அது அவசியம்.

பிள்ளைட படத்தை ஃபேஸ்புக்கில போட்டிருக்காங்க. வேணாம் எண்டு சொன்னா சிகிச்சை கிடைக்காதா?

கிடைக்கும். கிடைக்க வேண்டும். சிகிச்சைக் கோப்புக்கு எடுக்கும் படம் வேறு, நன்கொடை கேட்க எடுக்கும் படம் வேறு. முதலாவது தேவை, இரண்டாவதற்கு உங்கள் சம்மதம் தனியாக வேண்டும். படிவத்தில் இரண்டும் ஒரே கையெழுத்தில் அடங்கியிருந்தால், விளம்பரப் பகுதியைக் கோடு போட்டு வெட்டிவிட்டுக் கையெழுத்திடலாம். ஏற்கெனவே போட்டுவிட்டால் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அழுதுகொண்டிருக்கும் மூன்று மாதப் பிள்ளையின் முகம் அது. பதினாறு வயதில் அவள் அதைத் தேடிப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருமா?

தாய் தகப்பனுக்கு இல்லாமல் ஒரு பிள்ளைக்கு வந்திருந்தால், அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் நூற்றுக்கு 3 முதல் 5. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்து பிள்ளைக்கும் வந்திருந்தால் அதைவிடக் கூடும். வேறு குறைகளும் சேர்ந்திருந்தால் மரபணு வைத்தியரைப் பார்க்கச் சொல்வார்கள்.

ஃபோலிக் அசிட் மாத்திரையைக் கர்ப்பம் தங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும். உதடு உருவாகும் வாரங்களை மேலே சொன்னேன், நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் பிந்திவிடும். எம்ஓஎச் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும். அது பிளவை முழுதாகத் தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, முதுகுத்தண்டுக் குறைகளின் வாய்ப்பைக் குறைப்பது உறுதி. முதல் பிள்ளைக்கு இருந்ததை முதல் கிளினிக் நாளிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்தாம் மாத ஸ்கானில் உதட்டைக் கவனித்துப் பார்ப்பார்கள். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் ஸ்கானில் தெரியாமல் போகலாம், அதனால் பிள்ளை பிறந்ததும் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்ல மறக்க வேண்டாம்.